பெயர் வெட்டிய தட்டு

மேலப்பொட்டல்,
நரிக்குடி வழி.
20.11.1988

அன்பு மகள் ஜெப ஷீலாவுக்கு உன் அம்மா தெரசாள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அதேபோல உன்னையும் மாப்பிள்ளை இன்பராஜையும் பேத்தி ஈவாவையும் அந்த மலைத் தேசத்தில் அவர் காத்துக்கொள்ளட்டும். உடம்பு சுகம் என்று எழுதிவிட்டேன், மனசு சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. கொஞ்ச நாளாகவே உலை கொதித்தால் அரிசி போட மறக்கிறேன், ஜெபத்துக்கு முட்டி போட்டால் பாதியில் வேறு நினைப்பு ஓடுகிறது. பயந்துவிடாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. நடந்ததை முறையாகச் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படி, சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி உண்டு.

முதலில் வீட்டுச் சங்கதி. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, சுருட்டுதான் விடவில்லை. கேட்டால் வீரசோழன் சந்தையில் யாரோ கொடுத்தார்களாம், வாங்காவிட்டால் மரியாதையாக இருக்காதாம். இந்த மனுசனுக்கு மரியாதை சுருட்டு விஷயத்தில் மட்டும்தான் ஞாபகம் வரும். தம்பி ஜெபக்குமார் மதுரையில் ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதுகிறான், சத்துணவு அமைப்பாளராக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொங்கிப் போடுகிறவள் மகனுக்கு இந்த நிலைமை. ஐப்பசி முழுக்க வானம் இருட்டியது, இருட்டியதோடு சரி. கண்மாயில் ஆடு குடிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் கிடக்கிறது, மிளகாய் போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு அங்கே இப்போதுதான் வெயில் காலம் தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய், ஐப்பசி கார்த்திகையில் எங்கேயாவது வெயில் காலம் வருமா, திரும்பப் படி என்று அப்பா மறுபடியும் படிக்கச் சொன்னார், அப்போதும் நம்பவில்லை.

அதைவிட நம்ப முடியாததை அதே கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, அதிலிருந்துதான் சொல்ல வேண்டும். நீ பாடம் நடத்துகிற ஹைஸ்கூல் வகுப்பில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகள்தான் அதிகம், நீங்கள் இருக்கிற லெசோத்தோவில் நிறையப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான், பையன்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு மலையில் ஆடு மாடு மேய்க்கப் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைச் சத்துணவுக் கூடத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே சமையல்கார ஜக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஆம்பளப் பிள்ளைய ஆட்டுக்கு விட்டுட்டுப் பொம்பளப் பிள்ளையப் படிக்க விடுறாகளா, நெசமாவா டீச்சர்" என்று கேட்டாள், சோற்றுக் கணக்குப் பார்க்கிற என்னையும் இவர்களுக்கு டீச்சர் என்றுதானே வாயில் வரும். அந்நேரம் விறகு போட வந்த மொக்கையன் காதிலும் விழுந்துவிட்டது. மொக்கையனைத் தெரியுமல்லவா, மேலத்தெருவில் ஆடு வைத்திருக்கிறவர், முத்துத்தாய் வீட்டுக்காரர். "அப்ப அந்த ஊருல ஆடு மேய்க்கிற பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்று கேட்டு அவரே சிரித்தார், நாங்களும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. உலகம் பூராவும் நம்மூர் மாதிரிதான், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்று இத்தனை வயசு வரை நினைத்திருந்தேன். இப்படித் தலைகீழாகவும் ஒரு தேசம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்த மலையில் நிற்கிற பையன்களுக்கு மத்தியானம் யார் சோறு போடுகிறார்கள்? அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான், பெண் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள் என்று நீ சந்தோஷப்பட்டு நின்றுவிடாதே.

நம் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது, அது உனக்குத் தெரியும். நீ கன்னியர் விடுதியில் இருந்து அருப்புக்கோட்டையில் படித்தாய், மற்றப் பிள்ளைகளுக்கு எட்டு முடிந்தால் பையன்கள் நரிக்குடி பஸ்ஸுக்கு நிற்பார்கள், பெண் பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள். என் சோற்று வரிசையைப் பார்த்தால் போதும், யாரும் கணக்குச் சொல்ல வேண்டாம். ஒன்றாம் வகுப்பு வரிசையில் டவுசரும் பாவாடையும் சரிபாதி, எட்டாம் வகுப்புக்கு வந்தால் பாவாடையைத் தேட வேண்டும். இந்த ஜூன் மாதம் நம்மூரிலேயே ஹைஸ்கூல் வர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அலையாய் அலைந்து, ஒன்பதாம் வகுப்பைத் தற்காலிகமாக ஒரு கொட்டகையில் ஆரம்பித்தார்கள். கல்வித்துறை ஆபீசர் வந்து பார்த்து, போதுமான பிள்ளைகள் இருந்தால்தான் நிலையாகும். பையன்களை மட்டும் எண்ணினால் ஆள் பற்றவில்லை. உடனே பெரியவர்கள் கூடி, எட்டு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் பிள்ளைகள் பேரையெல்லாம் சேர்த்து எழுதிவிட்டார்கள். பேர் மட்டும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் ஆட்டுக்குப் பின்னாலும் களை வெட்டிலும். ஹெட்மாஸ்டரிடம் இது அடுக்குமா சார் என்று கேட்டேன். ஊர் நன்மைக்குத்தானே, கண்டுகொள்ளாதீர்கள் என்றார். பெண் பிள்ளைகளைச் சும்மா பேருக்குச் சேர்த்துப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் வாங்குவது எந்த ஊர் நன்மை என்று எனக்கு விளங்கவில்லை, விளங்காத வாயோடு நான் பாட்டுக்கு உலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆபீசர் வருகிற தேதி தெரிந்ததும் கல்யாண வீடு மாதிரி ஓட்டமும் நடையும். இரவல் யூனிபார்ம், இரவல் புத்தகம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின ரெட்டைச் சடை, இப்படி அத்தனை பெண் பிள்ளைகளையும் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மொக்கையன் மகள் ரேணுகாதேவியும் அதில் ஒருத்தி. எட்டாம் வகுப்பில் முதல் மார்க்கு வாங்கின பிள்ளை, பெரிய மனுஷி ஆனதும் நிறுத்திவிட்டார்கள், அவள் அண்ணன் மதன்குமார் மட்டும் இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து எழுந்து இப்போது ஒன்பதில் இருக்கிறான். ஆபீசர் காலையில் வந்து பார்த்துவிட்டுக் காபி குடித்துப் போய்விடுவார் என்று எல்லாரும் நினைத்திருக்க, திருச்சுழி ரோட்டில் ஜீப் நின்றுபோய், ஆபீசர் வந்து இறங்கும்போது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பார்த்தால் ஆபீசர் ஒரு அம்மா. கட்டையான உருவம், கண்ணாடி, சிரிப்பு கிடையாது. பிள்ளைகள் சாப்பிடட்டும், சாப்பிடும்போதே பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் நம்மூர்ப் புத்தி வேலை செய்தது. புத்தகம் முதல் ரிப்பன் வரை யோசித்தவர்கள் தட்டை யோசிக்கவில்லை. தினமும் சாப்பிடுகிற பையன்கள் பைக்கட்டில் தட்டு வைத்திருப்பார்கள், ஒருநாள் படிப்பாளிகளுக்கு ஏது தட்டு? சுவர் ஓரம் வேடிக்கை பார்த்து நின்ற தாய்மார்கள் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார்கள். வீட்டில் சாப்பிடுகிற நசுங்கின தட்டை ஆபீசரம்மா முன்னால் கொடுத்து விட வெட்கம். பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் கல்யாணத்துக்கென்று ஒவ்வொரு பாத்திரமாக வாங்கித் தகரப் பெட்டியில் பூட்டி வைப்பார்களே, அந்தப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு புது எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வரிசை உட்கார்ந்தது. பையன்கள் பக்கம் பூராவும் அடிபட்டு நெளிந்த அலுமினியத் தட்டு. பெண் பிள்ளைகள் பக்கம் பூராவும் முகம் பார்க்கலாம் போல மின்னுகிற தட்டு, ஒன்றில்கூட ஒரு கீறல் கிடையாது. ஆபீசரம்மா வரிசையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நேற்று இந்தப் பிள்ளைகள் இங்கே சாப்பிட்டார்களா, அமைப்பாளரம்மா நீங்கள் சொல்லுங்கள் என்றார். என் கையில் கரண்டி. பின்னால் ஊரே நிற்கிறது. ஆமாம் என்றால் ஆண்டவருக்கு முன் பொய், இல்லை என்றால் பையன்களுக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடம் போச்சு. சத்தியமாகச் சொல்கிறேன் ஷீலா, எந்தப் பதில் வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் ரேணுகா எழுந்தாள். ஆபீசரம்மா கேட்டதுக்காக எழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், இதுல எம் பேரும் சின்னத்துரை மாமா பேரும் வெட்டியிருக்கு. தை மாசம்னு போட்டிருக்கு. இதுல நான் சாப்பிடலாமா" என்று கேட்டாள். குனிந்து பார்த்தால், பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டுவார்களே, அதே மாதிரி விளிம்புக்குக் கீழே சின்னத்துரை, ரேணுகாதேவி, தை 1989 என்று இருக்கிறது. சின்னத்துரை முத்துத்தாயின் கூடப்பிறந்த தம்பி, அருப்புக்கோட்டையில் லோடு லாரி ஓட்டுகிறவன், வயசு முப்பதை ஒட்டும். இந்தப் பிள்ளைக்கு இன்னும் பதினாலு முடியவில்லை. முறை மாமன், என்றைக்காவது கொடுப்போம் என்று பேச்சு இருந்தது எல்லாருக்கும் தெரியும். இந்தத் தையிலேயே என்று மொக்கையன் மச்சானோடு முடிவு பண்ணி, யாருக்கும் சொல்லாமல் தட்டிலும் பேர் வெட்டிக் கொண்டுவந்து, முத்துத்தாயின் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். அவள் வாராவாரம் துடைத்துத் துடைத்து அடுக்கியிருக்கிறாள். எழுத்துத் தெரியாதவள், ஏதோ கடைப் பேர் என்று நினைத்திருக்கிறாள். அவசரத்தில் அவள் கையில் அகப்பட்டது அந்தத் தட்டு. தன் கல்யாணத்தைத் தன் சோற்றுத் தட்டில் படித்துத் தெரிந்துகொள்கிற கொடுமை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அதற்குப் பிறகு ரேணுகா அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆபீசரம்மா பக்கம் திரும்பி, "நாங்க இன்னைக்கு மட்டும்தான் வந்துருக்கோம்மா, நீங்க போனதும் எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாக" என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டாள். சுவர் ஓரத்தில் இருந்து மொக்கையன் "ஏ சிறுக்கி" என்று கத்தினார், பக்கத்தில் நின்றவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முத்துத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றவள் நின்றவள்தான், அவளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை, என்ன எழுதியிருக்கு, என்ன எழுதியிருக்கு என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். ஆபீசரம்மா சத்தம் போடவில்லை. இந்த வயசில் கல்யாணம் செய்தால் போலீஸ் வரும் என்று சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வருவேன், அன்றைக்கு இந்தப் பெண் பிள்ளைகள் எல்லாரும் இதே பெஞ்சில் இருந்தால் ஒன்பதாம் வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் இல்லை, அதுவும் இவர்கள் தட்டெல்லாம் நெளிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாளிலிருந்து கேள், எந்தப் பெரியவர்கள் பெண்ணுக்குப் படிப்பு எதுக்கு என்று பேசினார்களோ அவர்களே கம்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுகிறார்கள். என்றைக்கு ஜீப் வரும் என்று யாருக்குத் தெரியும்? சந்தோஷமாகத்தான் இருக்கிறது, எனக்கு அரிசி பற்றவில்லை, ஜக்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு பானை ஏற்றுகிறாள். ஆனால் ரேணுகா மட்டும் வரவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று மொக்கையன் அவளை ஆட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு பிள்ளை இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஊரும் விட்டுவிட்டது. அவள் வாய் திறந்ததால் அத்தனை பிள்ளைகளும் பெஞ்சில், வாய் திறந்தவள் கண்மாய்க்கரையில். அவள் அண்ணன் என் வரிசையில் வந்து தட்டை நீட்டும்போதெல்லாம் அவனுக்குச் சோற்றைக் குறைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது, தப்புத்தான், குறைக்கவில்லை. அப்பாவை மொக்கையனிடம் பேச அனுப்பினேன், இருவருமாகச் சுருட்டுப் பிடித்தார்கள், அதுதான் மிச்சம்.

போன சனிக்கிழமை நான் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன், முத்துத்தாய் வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து அந்தத் தட்டை எடுத்தாள். "இதுல எது எம் மக பேரு, எது எந் தம்பி பேரு, காட்டுங்க டீச்சர்" என்றாள். விரலால் காட்டினேன். அது போதாது, கரியால் கோடு போடுங்கள், எனக்கு மறந்துபோகும் என்றாள். ரேணுகாதேவி என்ற எழுத்துகளைச் சுற்றிக் கரியால் வளைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத் தடவினாள். "இம்புட்டு எழுத்தா எம் பிள்ள பேருக்கு, நான் ரேணுன்னுதான கூப்புடுறேன்" என்றாள். அப்புறம் தட்டை எழுத்து தெரியும்படி தரையில் வைத்தாள், கரிக்கோடு எங்கே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், அம்மிக் குழவியைத் தூக்கி அடிக்க ஆரம்பித்தாள். ஜக்கம்மாள் அய்யய்யோ புதுத் தட்டு என்று ஓடிவந்தாள். நான் ஜக்கம்மாளைத்தான் பிடித்து நிறுத்தினேன். தாய் செத்த பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் முத்துத்தாய்தான், ஊருக்கே தெரியும். "எந் தம்பியத்தான் அடிக்கேன் டீச்சர், என்னியத்தான் அடிக்கேன், எம் பெட்டியில எங் கையாலயே தொடச்சு வச்சேனே" என்று அழுதுகொண்டே அடித்தாள். மாமன் பேரும் தையும் எழுத்து தெரியாமல் நசுங்கும் வரை விடவில்லை. கரி போட்ட இடத்தில் ஒரு அடி விழவில்லை. எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை, நான் பாட்டுக்கு அழுதேன்.

அன்று சாயங்காலம் மொக்கையன் என் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரே சத்தம். முத்துத்தாய் அவரிடம், ஆட்டுக்கு ஆள் வேண்டுமானால் மதனை அனுப்பு, ஷீலா இருக்கிற தேசத்தில் பையன்கள்தான் மேய்க்கிறார்களாம், டீச்சர் வாசித்ததை நீதானே வந்து சொன்னாய் என்று சொல்லிவிட்டாளாம். பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லையென்றால் ஆபீசரம்மாவைத் தேடி நானே அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸேறுவேன் என்றும் சொன்னாளாம். "ஒம் மக லெட்டரு எங் குடும்பத்தக் கெடுத்துருச்சு" என்று கத்தினார். அப்படியானால் இன்னும் நாலு லெட்டர் எழுதச் சொல்கிறேன் என்று நானும் கத்தினேன், அப்பா நடுவில் வந்து சுருட்டை நீட்டினார், இந்தத் தடவை மொக்கையன் வாங்கவில்லை. மகனை ஆட்டுக்கு விட அவருக்கு மனசு வராது, பெண்சாதியோடு மல்லுக்கட்டவும் முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பாராமல் அவரே ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார். மத்தியானம் ரேணுகா வரிசையில் நின்றாள். அந்தத் தட்டு ஒரு பக்கம் அமுங்கி இருப்பதால் சாம்பார் அந்தப் பக்கமே ஓடுகிறது, அவள் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. கல்யாணம் இல்லை என்று மொக்கையன் வாயால் சொல்லவில்லை, பத்து முடியட்டும் பார்க்கலாம் என்கிறாராம். சின்னத்துரை இந்தப் பக்கம் வரவே இல்லை, ஊர் முன்னால் அவன் பேர் அடிபட்டதில் அவனுக்கும் கோபமும் வெட்கமும் இருக்கும், அவனை நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. ஜீப் இன்னும் வரவில்லை, எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஊரே ரோட்டைப் பார்க்கிறது. நீ ஈவாவுக்கு வெந்நீர் ஆற வைத்துக் கொடு, மலைக்காற்றில் காது மூடாமல் தூக்கிக்கொண்டு திரியாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு, ஞாயிற்றுக்கிழமை கோயிலை மறந்துவிடாதே. போட்டோ அனுப்பு. அந்தப் பையன்களில் ஒருவனையாவது மலையிலிருந்து இறக்கி உன் வகுப்பில் உட்கார வைக்க வழி இருக்கிறதா என்று பார்.

உங்கள் மூன்று பேர் தலைமேலும் ஆண்டவருடைய கை இருக்கட்டும், உங்கள் சமையல்பானை நிறையட்டும், ஈவா கால் மிதித்த இடமெல்லாம் அவளுக்குச் சொந்தமாகட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். ரேணுகாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எழுது. மொக்கையன் பேரையோ வேறு யார் பேரையோ போட்டு அனுப்பாதே, கவரின் மேல் விலாசத்துக்கு முன்னால் தமிழில், பெரிய எழுத்தில், ரேணுகாதேவி என்று அவள் முழுப் பேரை மட்டும் எழுது. தபால்காரர் வரும்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பாள், முத்துத்தாய்தான் வாங்குவாள். அந்த எழுத்துகளை இப்போது அவளுக்கு அடையாளம் தெரியும்.

இப்படிக்கு, உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
வே. தெரசாள்